ஜெபமும் சம்பளப் பட்டியலும்

வேலூரிலிருந்து தெற்கே போனால் கணியம்பாடி தாண்டியதுமே ஜவ்வாது மலை வழியை மறித்துக்கொண்டு நிற்கும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. மேலே ஜமுனாமரத்தூர், காவலூரின் வானாய்வகம், சாமையும் புளியும் தேனும் தரும் மலையாளிப் பழங்குடி ஊர்கள். இந்த ஊர்க்காரர்கள் கீழே இறங்குவதற்குச் சில காரணங்களே உண்டு: சந்தை, கூலி வேலை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி. அரசின் ஆரம்ப சுகாதார நிலையமும் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியும் இருந்தாலும், மலையிலும் அடிவாரத்திலும் நெடுங்காலமாகப் பழகிய பெயர் சிஎம்சி, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அதன் சமுதாய நலத்துறை பாகாயத்தில் நடத்தும் மருத்துவமனையை ஊர்க்காரர்கள் ‘சாட் ஆஸ்பத்திரி’ என்பார்கள். கணியம்பாடி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் ஊர் ஊராகப் போவது அந்தத் துறையின் வேலை.

அந்தப் பயணத்தை அங்கே ‘டாக்டர்ஸ் ரன்’ என்பார்கள். வேன் வந்து நிற்கும். பள்ளிக்கூடத் திண்ணையோ மரத்தடியோ, கிடைத்த இடத்தில் மேசை விரியும். கர்ப்பிணிகளின் அட்டைகள் ஒரு பக்கம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்குபவர்கள் மறுபக்கம். போன முறை வந்து இந்த முறை வராதவர் யார் என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு பெண் இருப்பார். அவர் அந்த ஊர்க்காரர், பகுதிநேரப் பணியாளர். அவருக்கு மேலே சுகாதார உதவியாளர், அவருக்கு மேலே சமுதாய நலச் செவிலியர், எல்லோருக்கும் மேலே மருத்துவர். வண்டியை ஓட்டி வந்தவர் தனி.

இத்தனை பேரையும் ஒரே நிறுவனம் வேலைக்கு வைத்திருக்கிறது. அதன் குறிக்கோள் வாசகம் மாற்கு சுவிசேஷத்திலிருந்து எடுத்தது, பிறருக்குப் பணி செய்வதைப் பற்றியது. அந்த வாசகம் இவர்கள் ஒவ்வொருவர் மீதும் ஒரே மாதிரி படிவதில்லை. மருத்துவர்களில் பலர் திருச்சபை ஒன்றின் பரிந்துரையில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் தேவையுள்ள ஊர்களில் இரண்டு ஆண்டு பணி செய்வதாக ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்கள். தனியார் மருத்துவமனைக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்தே தங்குபவர்கள். செவிலியருக்கு வளைகுடாவும் லண்டனும் எப்போதும் திறந்திருக்கும் கதவுகள். ஓட்டுநருக்கு இது வேலை, நல்ல வேலை. ஊர்ப் பணியாளர் வேறு சாமி கும்பிடுபவராக இருக்கலாம். அவருக்கு இது ஊரில் கிடைத்த மரியாதை, கூடவே கொஞ்சம் வருமானம். தியாகம் என்ற சொல் மேலே இருப்பவருக்குப் பொருந்தும் அளவுக்குக் கீழே இருப்பவருக்குப் பொருந்துமா? நம்பிக்கையின் பேரில் நடக்கும் எந்த நிறுவனத்தின் பணிப் பண்பாட்டை ஆராய்ந்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டவேண்டியிருக்கிறது.

சிஎம்சியின் வரலாறு பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி மகள் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு, 1947இல் ஆண்களுக்கும் இடம். இன்று அது வேலூரின் பொருளாதாரத்தையே தாங்கி நிற்கும் நிறுவனங்களில் ஒன்று. காட்பாடி ரயில் நிலையத்தில் வங்காளமும் அசாமியமும் காதில் விழுவதற்குக் காரணமே இந்த மருத்துவமனைதான்.

இங்கே வேலை பார்ப்பதில் என்ன விசேஷம் என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது பணத்தைப் பற்றிய ஒழுங்கு. மருத்துவர்கள் தனியாகத் தொழில் செய்யக் கூடாது. எழுதிக் கொடுத்த ஸ்கேனுக்கும் செய்த அறுவைக்கும் பங்கு கிடையாது. நோயாளிகள் வரிசை கட்டி நிற்கும் துறையின் பேராசிரியரும், வருமானமே இல்லாத துறையின் பேராசிரியரும் ஒரே படிநிலையில் இருந்தால் ஒரே சம்பள விகிதம். இன்றைய கார்ப்பரேட் மருத்துவமனையில் மாதக் கடைசியில் ‘டார்கெட்’ கேட்கும் மேலாளரை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மனசாட்சிக்கு விரோதமாக எழுதத் தேவையில்லாத மருந்துச்சீட்டு ஒரு மருத்துவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சம்பளப் பட்டியலில் காட்ட முடியாது.

இன்னொன்று, இப்படிப்பட்ட இடம் ஒரு மனிதரை எப்படித் தாங்கும் என்பது. மேரி வர்கீஸ் சிஎம்சியின் இளம் மருத்துவர். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்தக் காலத்தில் வேறெந்த முதலாளியும் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவருடைய சகாக்கள், குறிப்பாகத் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை முறையை உருவாக்கிய பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை எது என்று யோசித்தார்கள். கை அறுவையை உட்கார்ந்து செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் விரல்களை மீட்டார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். ஊழியரைத் தன் குடும்பத்தவராக நினைப்பதாக எல்லா நிறுவனங்களும் விளம்பரம் செய்கின்றன. குடும்பத்தில் ஒருவர் விழுந்தால் குடும்பம் என்ன செய்யும் என்பதை அங்கே செய்தார்கள்.

ஆனால் குடும்பத்துக்குள் சம்பள உயர்வு கேட்பது எப்படி? அப்பாவோடு வழக்காட யார் துணிவார்? அன்பால் தரப்படும் எதையும் உரிமையாகக் கேட்கும்போது கேட்டவர் நன்றிகெட்டவராகத் தெரிவார். லாப நோக்குள்ள முதலாளியோடு சண்டை போடுவது சுலபம். அவர் நம்மைச் சுரண்டுவதாக நினைக்க நமக்குச் சங்கடமில்லை. ஏழைக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பவர் அந்த ஏழையின் வாயிலிருந்து பிடுங்குபவராக ஆகிவிடுகிறார். நம்பிக்கை நிறுவனங்களின் ஊழியர்கள் பலரும் சொல்லாமல் விழுங்குவது இந்தச் சங்கடத்தைத்தான் என்பது என் கணிப்பு.

இது மருத்துவமனைகளில் தொடங்கியதுமல்ல. 1834இல் மங்களூருக்கு வந்த பாசல் மிஷன் சந்தித்த முதல் சிக்கலே பிழைப்புதான். மதம் மாறியவரைச் சாதி தள்ளிவைத்தது. சாதியோடு தொழிலும் போயிற்று. ஆகவே மிஷன் நெசவுச்சாலை தொடங்கியது, பிறகு ஓட்டுத் தொழிற்சாலை. 1865இல் மங்களூர் ஜெப்புவில் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஓட்டுச்சாலைதான் இன்றும் நாம் ‘மங்களூர் ஓடு’ என்று சொல்வதன் மூலம். கோழிக்கோடு, ஃபெரோக், பாலக்காடு என்று மலபார் முழுக்கக் கிளைகள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது பின்புறத்தில் மிஷன் பெயர் பதித்த ஓடுகள் இன்னும் கிடைக்கின்றன.

அங்கே வேலை நாள் ஜெபத்தோடு தொடங்கியது. சேமிப்பு நிதி, நோய்க்கால உதவி போன்றவை இந்தியத் தொழிலாளருக்குக் கனவாக இருந்த காலத்திலேயே அவர்களுக்குக் கிடைத்தன. அதே சமயம், வேலை கொடுப்பவரும் ஞானஸ்நானம் கொடுப்பவரும் ஒரே ஆள். குடித்தார் என்றோ, கடன்பட்டார் என்றோ சபை ஒருவரைக் கண்டித்தால் அந்தக் கண்டிப்பு தறிவரை வந்து நிற்கும். வேலையை விட்டால் வீடும் சபையும் உறவும் ஒன்றாகப் போய்விடும் நிலையில் எவர் வாயைத் திறப்பார்? முதல் உலகப்போரில் ஜெர்மானியத் தொடர்பின் காரணமாக ஆங்கில அரசு இந்தத் தொழிற்சாலைகளைக் கைப்பற்றி, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஜெபத்தோடு தொடங்கிய ஆலை ஒரே நாளில் சாதாரண ஆலை ஆயிற்று. ஓடு அதே ஓடுதான். ஓட்டைச் செய்தவரின் உழைப்பும் அதேதான் என்பதை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதைச் சொல்ல 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ‘தொழில்’ என்றால் என்ன என்று தீர்மானித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். மருத்துவமனை, கல்லூரி, தர்ம ஸ்தாபனம் எல்லாமே பொதுவாகத் தொழில் தகராறு சட்டத்துக்குள் வரும் என்றார். ஆன்மிகம் என்ற போர்வைக்கும் அவர் எல்லை வகுத்தார்: பெரிய அளவில் பிரசாதம் தயாரிப்பதுகூடத் தொழில்தான், அதை உண்பவர் அடையும் பேரின்பம் அடுப்படியில் வேர்ப்பவரின் கணக்கை மாற்றாது.

இந்தத் தீர்ப்பில் தர்ம நிறுவனங்களை அவர் மூன்றாகப் பிரித்த பகுதி நம் விஷயத்துக்கு மிக முக்கியம். முதல் வகை, லாபம் சம்பாதித்து அந்த லாபத்தைத் தர்மத்துக்குச் செலவிடுபவை. இரண்டாவது, லாபமே பாராமல், கூலிக்கு ஆள் வைத்துச் செய்த பொருளையோ சேவையையோ ஏழைகளுக்கு இலவசமாகவோ மலிவாகவோ தருபவை. மூன்றாவது, சம்பளத்துக்காக அன்றி அந்த லட்சியத்திலேயே பற்றுக்கொண்டவர்கள் கூடிச் செய்பவை. ஆசிரமவாசிகள், இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வரும் வழக்கறிஞர்கள் போல. முதல் இரண்டும் தொழில், மூன்றாவது மட்டும் இல்லை. இரண்டாவது வகையில் தர்மம் செய்பவர் முதலாளி. தொழிலாளி தன் உழைப்பை விற்கத்தான் வந்திருக்கிறார், தானம் செய்ய வரவில்லை. இதைவிடத் தெளிவாக இந்தச் சிக்கலை வேறு யாரும் பிரித்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயத்தை நான் சேர்ப்பேன்: பெரிய நம்பிக்கை நிறுவனம் ஒன்றில் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் ஒரே வேனில் உட்கார்ந்து வருகின்றன. நிறுவனமோ எல்லோர் சார்பிலும் மூன்றாம் வகையின் குரலில் பேசுகிறது.

சிஎம்சியின் வழக்கு இங்கேதான் வருகிறது. பணிநீக்கம் தொடர்பான தகராறு ஒன்று தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டபோது, அதை எதிர்த்து நிர்வாகம் முன்வைத்த வாதம் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தரும் பிரிவு அது. ஊழியரை நீக்குவது நிர்வாகத்தின் ஒரு பகுதி. அதை வெளியிலிருந்து ஒரு தீர்ப்பாயம் திருத்தினால் நிர்வாக உரிமை என்னாவது? வெறும் சாக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எர்ணாகுளத்தில் கன்னியர் நடத்திய பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் நீக்கப்பட்ட வழக்கில், துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யும் ஏற்பாடு சிறுபான்மை உரிமையைப் பாதிக்கிறது என்று உச்ச நீதிமன்றமே 1978இல் சொல்லியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் சிஎம்சி நிர்வாகத்தின் பக்கமே நின்றது. மருத்துவமனை ஊழியர் சங்கம் டெல்லிக்குப் போனது.

தொழில் தகராறு சட்டத்தில் சங்கம் காப்பாற்ற முயன்ற பிரிவுகள் கேட்பதற்கு வறண்டவை: 9ஏ, 10, 11ஏ, 12, 33. ஊழியரின் இடத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் உயிருள்ளது. வேலை நிபந்தனையை மாற்றும் முன் அறிவிப்புக் கொடு என்கிறது 9ஏ. வழக்கு நிலுவையில் இருக்கும்போது அனுமதியின்றி வேலையை விட்டு அனுப்பாதே என்கிறது 33. மிக முக்கியமானது 1971இல் சேர்த்த 11ஏ: தவறு நிரூபணமானாலும், வேலையை விட்டே துரத்தும் அளவுக்கு அது பெரிதா என்று தீர்ப்பாயம் பார்க்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம். மன்னிப்பைப் போதிக்கும் நிறுவனம் எதிர்த்தது மன்னிப்புக்கு இடம் தரும் பிரிவை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மன்னிக்கலாம், ஆனால் அதை நாங்களே முடிவு செய்வோம் என்பது அவர்கள் நிலை.

1987இல் நீதிபதி இ.எஸ். வெங்கடராமையா எழுதிய தீர்ப்பு சங்கத்துக்குச் சாதகமாக வந்தது. தொழில் தகராறு சட்டம் எந்த மதத்தையும் குறிவைத்ததல்ல. தொழில் அமைதிக்கான பொதுச் சட்டம். அதற்குக் கட்டுப்படுவதால் நிறுவனத்தின் சிறுபான்மைத் தன்மை கரைந்துவிடாது. இதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிராங்க் ஆண்டனி பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, சிறுபான்மைப் பள்ளி ஆசிரியருக்கும் மற்றவருக்கு இணையான சம்பளம் உண்டு என்று தீர்ப்பளித்திருந்தார். அடுத்தடுத்து வந்த இந்த இரு தீர்ப்புகளும் சேர்ந்து ஒரு கோட்டைக் கிழித்தன: என்ன போதிக்கலாம், யாரைச் சேர்க்கலாம் என்பது வேறு, வேலை செய்பவரை எப்படி நடத்துவது என்பது வேறு. தீர்ப்புக்குப் பின் சிஎம்சி சிதைந்துவிடவில்லை. வளர்ந்தது, 2022இல் ராணிப்பேட்டையில் புது வளாகமே திறந்தது. சங்கம் வந்தால் சேவை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கிறிஸ்தவ நிறுவனங்களை மட்டும் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மேற்கு வங்கத்தில் ராமகிருஷ்ண மிஷன், தன் கல்லூரியின் ஆசிரியர், முதல்வர் நியமனத் தகராறு முற்றியபோது, தான் இந்து மதத்திலிருந்து வேறான சிறுபான்மை மதம் என்றே நீதிமன்றத்தில் வாதிட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்றது. 1995இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. விவேகானந்தர் பெயரால் நடக்கும் அமைப்பு ஊழியர் நிர்வாகத்துக்காக மதத்தையே மாற்றிக்கொள்ளத் துணிந்தது நம் காலத்தின் விநோதங்களில் ஒன்று.

கேரளத்துச் செவிலியர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. 2011 டிசம்பரில் மாதா அமிர்தானந்தமயி மடத்தின் கொச்சி மருத்துவமனையில் வேலைநிறுத்தம். 2012 ஆகஸ்டில் கோதமங்கலம் மார் பசேலியோஸ் மருத்துவமனையில் மாதக்கணக்கில் நீண்ட போராட்டத்தின் உச்சத்தில் மூன்று செவிலியர்கள் மாடியில் ஏறிக் குதிப்பதாக மிரட்டினார்கள். கேட்டது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியும் மனிதத்தன்மையுள்ள வேலை நேரமும்தான். சபை மருத்துவமனைகளில் போராடியவர்களில் கணிசமானோர் அதே சபைகளில் வளர்ந்த பெண்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிடுபவர்கள் திங்கட்கிழமை எதிரெதிரே நின்றார்கள். போராட்டத்தின் தொடர்ச்சியாக 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் செவிலியருக்கு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச மாதச் சம்பளமாக அறிவித்தது. கடவுளின் பெயர் பலகையில் இருப்பதால் கூலி கூடிவிடவில்லை. சங்கம் இருந்ததால் கூடியது.

உண்மையான துறவு எப்படி இருக்கும் என்பதற்கும் அண்மையில் ஒரு வழக்கு உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் கன்னியரும் குருக்களும் ஏழ்மை விரதம் பூண்டவர்கள். சம்பளத்தை அப்படியே சபைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே வருமான வரி பிடிக்கக் கூடாது என்றார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் முதலில் உழைத்தவர் கைக்கு வருகிறது, பிறகு அவர் அதை யாருக்கும் கொடுக்கலாம் என்பதே இதன் சாரம். வரிக்காகச் சொன்ன இந்த வரிசை ஓட்டுநருக்கும் வார்டைப் பெருக்குபவருக்கும்கூடப் பொருந்தும். விட்டுக்கொடுப்பதென்றால் கையில் வந்தபின் அவரவர் விட்டுக்கொடுக்க வேண்டும். சம்பளப் பட்டியல் போடும்போதே அவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுக்க முடியாது.

இத்தனை ஆண்டு வழக்காடிக் கிழித்த கோடு இப்போது அழிகிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து சில இடங்களை விலக்குகிறது. தர்ம, சமூக, மனிதநேயச் சேவையில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் அவற்றில் முதலாவது. கிருஷ்ணய்யரின் மூன்று வகைகளும் இங்கே ஒரே மூட்டைக்குள் போய்விட்டன. 1978 தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியும் ஆயிற்று. குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி எல்லாம் வேறு சட்டத்தொகுப்புகளைச் சேர்ந்தவை, அவை தனி. இங்கே பேச்சு, வேலையை விட்டு நீக்கப்பட்டவர் ‘ஏன்’ என்று கேட்க ஒரு நடுவர் இருப்பாரா என்பது. கட்டணம் வாங்கும் பெரிய மருத்துவமனை ‘பெருமளவில் தர்மம்’ செய்கிறதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் இனி வாதாடித்தான் தீர்க்க வேண்டும். வாதாட வக்கீல் வைக்க வசதியுள்ளவர் யார், ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு இந்த விலக்கைத் திருத்தலாம். குறைந்தது மருத்துவமனைகளையும் கல்வி நிறுவனங்களையும் அதிலிருந்து எடுக்கலாம். அதற்கு முன்பே, நம்பிக்கையின் பேரில் நடக்கும் நிறுவனங்கள் தாமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த விலக்கு எங்களுக்கு வேண்டாம், பணிநீக்கத் தகராறில் வெளியார் ஒருவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று பணி விதிகளில் எழுதிவைக்கலாம். மலை அடிவாரத்தில் இருக்கும் நிறுவனமே அதை முதலில் செய்ய வேண்டும். 1987இல் தோற்றும் நன்றாக வாழ்ந்து காட்டியது அதுதான்.